தரையில் கற்ற ஆகாயம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீச்சல், சமையல், சைக்கிள் இந்த மூன்றையும் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டவர் யாராவது உண்டா என்று அதற்கு உதாரணமும் காட்டுவார்கள். ஆகாய விமானம் ஓட்டுவதை அந்தப் பட்டியலில் நான்காவதாகச் சேர்த்துவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் விமானிகளின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு வித்தையில் மட்டும் பழமொழி செல்லுபடியாகவில்லை என்று தெரிகிறது. ஆகாயத்தில் உயிரைக் காப்பாற்றும் பாடங்களில் பல, நாற்காலியில் உட்கார்ந்து தரையிலேயே கற்க வேண்டியவை.

விமானத்தில் பிரயாணம் செய்கிறவர்கள் விமானியின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கிறார்கள். தோளில் மின்னும் பட்டைகளைப் பார்க்கிறார்கள். அவர் எழுதித் தேறிய பரீட்சைகளை யாரும் பார்ப்பதில்லை. நம் நாட்டில் வர்த்தக விமானி லைசென்ஸ் வேண்டுமென்றால் மார்க்கம் கண்டறிதல், வானிலை சாஸ்திரம், ஆகாயச் சட்டதிட்டங்கள், விமானத்தின் யந்திர நுட்பம் என்று தாள் தாளாக எழுத வேண்டும். நூற்றுக்கு 70 வாங்கினால்தான் தேர்வு. ஐரோப்பாவில் பெரிய விமானங்களை ஓட்ட ஆசைப்படுகிறவர் 13 தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 75 வேண்டும். அமெரிக்காவில் சொந்த விமானம் ஓட்ட விரும்பும் சாமானியனுக்குக்கூட 60 கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சை உண்டு.

இந்தப் பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இப்போது தடித்த புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. கையிலிருக்கும் டெலிபோனிலோ மடிக் கம்ப்யூட்டரிலோ ஆயிரக்கணக்கான கேள்விகள் அடங்கிய ‘கேள்வி வங்கி’யைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். கேள்வி வருகிறது; விடையைத் தொடுகிறார்கள்; பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரிகிறது. அடுத்த கேள்வி. ரெயிலில், பஸ்ஸில், டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது, எங்கும் இது நடக்கிறது.

கம்ப்யூட்டர் என்று ஒன்று எங்கேயோ பிறந்தது, பிறந்து வளர்ந்த பிறகு விமானிக்கும் பாடம் சொல்லித்தர வந்தது என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டரின் முன்னோர்களில் மிக முக்கியமான ஒன்று, விமானிக்குத் தரையிலேயே பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையில்தான் கருக்கொண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதனுள்ளே இன்னொரு கதையும் இருக்கிறது. சரியான விடையைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்கும், அது ஏன் சரி என்று தெரிந்துகொள்வதற்கும் நடுவே நூறு வருஷமாக நடந்துவரும் வழக்கு அது.

விமானம் பிறந்த புதிதில் அதில் ஒருவர்தான் உட்கார முடியும். உபாத்தியாயர் தரையில் நின்று கையை ஆட்டுவார். சிஷ்யர் மேலே போவார். சில சமயம் முழுசாகத் திரும்பி வருவார். இந்த ஆபத்தைக் குறைக்கப் பிரான்ஸ் தேசத்தில் ஆன்டுவானெட் என்ற விமானக் கம்பெனியார் 1910-ஐ ஒட்டி ஒரு வேடிக்கையான சாதனம் செய்தார்கள். ஒரு பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பாதியில் மாணவனை உட்கார வைத்தார்கள். ஆட்கள் சுற்றி நின்று பீப்பாயைச் சாய்ப்பார்கள், திருப்புவார்கள். மாணவன் எதிரிலுள்ள சக்கரங்களைத் திருகி அதை நேராக வைத்துக்கொள்ளப் பழகுவான். முதல் உலக யுத்த காலத்தில் இறக்கையைக் கத்தரித்துவிட்ட விமானங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். அவை ஓடும், பறக்காது. அதனால் அவற்றுக்குப் ‘பெங்குவின்’ என்று பெயர்.

இவையெல்லாம் கைக்கும் காலுக்கும் கொடுத்த பயிற்சி. கண்ணுக்குத் தரை தெரிகிறவரை அது போதுமாயிருந்தது. மேகத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களே மேகத்துக்குள் போய் அலங்கோலமாகச் சுழன்று விழுந்தார்கள். காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர்களில் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர் முக்கியமானவர். 1926-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் வைத்தியப் பரிசோதனைக்குப் போனபோது, டேவிட் மையர்ஸ் என்ற டாக்டர் அவரைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நாற்காலியைச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டார். ஆக்கர் சொன்ன பதில் தப்பாயிருந்தது. நாற்காலி ஒரே வேகத்தில் சுழன்றபோது அது நின்றுவிட்டது என்றார். வேகம் குறைந்தபோது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றார்.

இதில் ஆக்கர் பேரில் குற்றமில்லை. நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று வளைவான குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்பும்போது அந்தத் திரவம் சற்றுப் பின்தங்குவதால்தான் நாம் திரும்புவது நமக்குத் தெரிகிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது நாம் அசையாமல் இருப்பதாகத் தோன்றும். நின்றதும் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்; எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். குழந்தைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு விழுந்து சிரிக்கிறார்களே, அதே விஷயந்தான். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்குத்தான் அது சிரிக்கும் விஷயமாக இல்லை.

அடுத்த தடவை ஆக்கர் ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குள்ளே, விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரு சிறு கருவி. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சுழன்றார். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். உடம்பு சொல்வதைக் கேட்காதே, கருவி சொல்வதைக் கேள் என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்ய ஆரம்பித்தார். மேலதிகாரிகளுக்கு அவர் மூளையின் பேரிலேயே சந்தேகம் வந்து, அதையும் சோதித்துப் பார்த்தார்கள்! விமானியின் கைராசியே எல்லாம் என்று நம்பிய காலம் அது. ‘உன் உணர்ச்சி உன்னை ஏமாற்றும்’ என்று ஒரு சுத்த வீரனிடம் போய்ச் சொன்னால் அவனுக்குக் கோபம் வராதா?

விமானிக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் உண்மையான விடை கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். அதுவரையில் படிப்பு ஒரு அலங்காரம். அதற்குப் பிறகு அது, உடம்பு சொல்லும் பொய்யை அறிவு திருத்துகிற காரியமாகிவிட்டது.

இப்போது எட்வின் லிங்க் என்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாகாணத்தில் பிங்காம்டன் என்ற ஊரில் அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். காற்றைத் துருத்தியால் ஊதி வால்வுகளால் கட்டுப்படுத்தித் தானாகவே வாசித்துக்கொள்ளும் வாத்தியங்கள் அவை. பிள்ளைக்கோ பறப்பதில் மோகம். 1920-ல், நடிகர் சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் நடத்திய இடத்தில் 50 டாலர் கொடுத்து ஒரு மணி நேரப் பாடம் கேட்கப் போனார். விமானம் குட்டிக்கரணம் அடித்தது, சுழன்றது, கூரைகளை உரசுவதுபோல் பறந்தது. இறங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், ஒரு தடவைகூட ஓட்டுகிற கோலைத் தொட விடவில்லை! இப்படியும் ஒரு பாடமா என்று அவருக்குத் தோன்றியது.

தகப்பனாருடைய தொழிற்சாலையின் அடித்தளத்தில் உட்கார்ந்து, ஆர்கனுக்கு வைத்திருந்த துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். 1929-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். மாணவன் உள்ளே உட்கார்ந்து கோலை அசைத்தால், துருத்திகள் ஊதியும் சுருங்கியும் அந்த மரப்பெட்டி சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். பாட்டு வாசிக்க வந்த காற்று பறக்கக் கற்றுக்கொடுத்தது. விமானப் பள்ளிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொருட்காட்சிகளில், காசு போட்டுக் குழந்தைகள் ஏறி விளையாடும் ராட்டினத்தோடு ராட்டினமாக அது விற்பனையாயிற்று.

1934-ல் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. விமானத் தபால் ஒப்பந்தங்களில் ஊழல் என்ற புகார் கிளம்பவே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவற்றை ரத்துச் செய்து, தபாலை ராணுவ விமானிகளே கொண்டுபோகட்டும் என்று பிப்ரவரியில் உத்தரவு போட்டார். கடுமையான குளிர் காலம். இரவு, பனி, மேகம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கம் அந்த இளைஞர்களில் மிகச் சிலருக்கே இருந்தது. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடிதங்களுக்காக உயிர்கள் போவதைத் தேசம் பொறுக்கவில்லை. விளையாட்டுச் சாமானாகக் கிடந்த லிங்கின் பெட்டி அப்போதுதான் ராணுவத்தின் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வருஷமே ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்குள் 10,000-க்கு மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. லட்சக்கணக்கான விமானிகள் அவற்றில் பழகினார்கள்.

அந்தப் பெட்டியில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் துருத்தி அல்ல. பக்கத்து மேஜையில் உபாத்தியாயர் உட்கார்ந்திருப்பார். அவர் எதிரே ஒரு வரைபடம். அதன் மேல் மூன்று சக்கரம் வைத்த ஒரு சிறு கருவி நண்டு மாதிரி ஊர்ந்து போகும்; அதற்குப் பெயரே நண்டுதான். மூடிய பெட்டிக்குள் மாணவன் எந்தத் திசையில் ‘பறக்கிறானோ’ அந்தத் திசையில் நண்டு மையால் கோடு இழுத்துக்கொண்டே போகும். பாடம் முடிந்து மூடியைத் திறந்துகொண்டு மாணவன் வெளியே வந்தால், தான் போனதாக நினைத்த வழி மனத்தில் இருக்கும். உண்மையில் போன வழி காகிதத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று பேசலாம். மார்க்கு மட்டும் போட்டு அனுப்புகிற பரீட்சைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

மார்க்குப் போடும் யந்திரமும் அதே காலத்தில்தான் பிறந்தது. ஓஹையோ சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த சிட்னி பிரெஸ்ஸி, 1920-களில் டைப்ரைட்டர் போன்ற ஒரு பெட்டியைச் செய்தார். சிறு ஜன்னலில் கேள்வி தெரியும். கீழே நான்கு சாவிகள். சரியான சாவியை அழுத்தும்வரை அடுத்த கேள்வி வராதபடியும் அதை அமைக்கலாம். சரியான விடை சொன்னவனுக்கு மிட்டாய் தள்ளும் இணைப்புக்கூட இருந்தது! ஆனால் அமெரிக்கா அப்போது பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்தது. வாத்தியார்களுக்கே வேலையில்லாத காலத்தில் வாத்தியார் யந்திரத்தை யார் வாங்குவார்கள்? 1932-ல் பிரெஸ்ஸி சலித்துப்போய் அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

இருபது வருஷம் கழித்து, ஹார்வர்டில் பி. எப். ஸ்கின்னர் தம் பெண்ணின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். குழந்தைகள் கணக்குப் போட்டுவிட்டு, அது சரியா தப்பா என்று தெரியாமல் காத்துக்கிடப்பதைக் கண்டார். 1954-ல் அவரும் ஒரு போதனா யந்திரத்தோடு கிளம்பினார். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கி, ஒவ்வொரு படிக்கும் மாணவனே விடை எழுத வேண்டும் என்றார். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைப் பொறுக்கச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. பொருத்தமாகத் தோன்றும் தப்பு விடைகளை வலியக் காட்டினால், அவையும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

அதே சமயத்தில் அமெரிக்க விமானப் படையில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்க ஆட்களைத் தயார் செய்யும் வேலையில் இருந்தவர் நார்மன் கிரௌடர். அவர் வேறு வழியில் போனார். நான்கு விடைகள் இருக்கட்டும். தப்பான விடையை எடுத்தவனைத் தண்டிக்கவும் வேண்டாம், வெறுமனே விட்டுவிடவும் வேண்டாம். நீ ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரிகிறது, உன் யோசனை இந்த இடத்தில் தவறியது என்று விளக்குகிற ஒரு தனிப் பக்கத்துக்கு அவனை அனுப்பி, மறுபடி கேள்விக்குக் கூட்டிவர வேண்டும் என்றார். நல்ல உபாத்தியாயர் செய்கிற காரியம் இதுதான் அல்லவா? லிங்கின் நண்டு மேஜையில் செய்ததைக் கிரௌடர் புத்தகத்தில் செய்தார்.

ஒரு வேடிக்கை சொல்லாமல் போகக்கூடாது. விமானிகள் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லை மின்சார யந்திரத்துக்கு முன்பே உபயோகித்தார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு வட்டத் தகடு. அதைத் திருப்பினால் காற்றின் வேகத்துக்கு எத்தனை பாகை ஒதுங்க வேண்டும், எத்தனை நிமிஷத்தில் ஊர் வரும், எவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்றெல்லாம் கணக்குச் சொல்லும். 1930-களில் அதை உருவாக்கியவர் பிலிப் டால்டன் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி. ‘இ-6-பி’ என்ற அதன் பெயர் இன்றும் விமானப் பள்ளிகளில் வழங்குகிறது. ஒரு மாணவனுக்கு விமானத்தைச் சுழலவிட்டு மீட்கும் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, விமானம் விழுந்து டால்டன் இறந்துபோனார். தரையில் எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஆகாயம் தன் பங்கைக் கேட்காமல் விடுவதில்லை.

மின்சாரக் கம்ப்யூட்டரின் கதைக்கு வருவோம். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சிப் பெட்டி செய்வதற்குப் பதிலாக, ஒரே பெட்டி எல்லா விமானங்களாகவும் நடிக்க வேண்டும். எண்களை மாற்றினால் போர் விமானம், மறுபடி மாற்றினால் குண்டு வீசும் விமானம் என்று ஆகவேண்டும். இந்த வேலையை 1944-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திடம் கொடுத்தார்கள். ஜே பாரஸ்டர் என்ற இளம் என்ஜினீயர் பொறுப்பேற்றார். பழைய முறைக் கருவிகளால் இது ஆகாது என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. விமானி கோலை அசைத்த க்ஷணத்திலேயே விடை வேண்டும். நாளைக்கு வருகிற விடை உபயோகமில்லை. எண்களைக் கொண்டு அதிவேகமாகக் கணக்கிடும் யந்திரம் ஒன்றே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அப்படி உருவானதுதான் ‘வேர்ல்விண்ட்’, அதாவது சுழற்காற்று, என்ற கம்ப்யூட்டர். 1951-ல் அது வேலை செய்யத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அதற்குள் விமானி அறையை யாரும் நினைக்கவில்லை. 1948-லேயே அதை ஒதுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்காகப் பந்தல் போட்டு, மாப்பிள்ளையை மறந்துவிட்டுப் பந்தலைப் புகழ்ந்த கதைதான். ஆனாலும் கேட்ட க்ஷணத்தில் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது. இன்றைக்கு நாம் விரலால் தொட்டதும் திரை பதில் சொல்கிறதே, அந்த வம்சாவளியை மேலே தேடிக்கொண்டு போனால், தரையில் பறக்கக் கற்க நினைத்த ஒரு விமானியின் காலி நாற்காலியில் போய் நிற்போம்.

1960-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் டொனால்டு பிட்ஸர் என்பவர் ‘பிளேட்டோ’ என்ற பெயரில் கம்ப்யூட்டரையே உபாத்தியாயராக்கினார். ஆரம்பத்தில் ஒரே ஒரு மாணவனுக்குப் பாடம் சொன்ன அந்த ஏற்பாடு, 1972-க்குள் திரையை விரலால் தொட்டு விடை சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. அதே சர்வகலாசாலையில் படித்த புரூஸ் ஆர்ட்விக், விமானி பார்க்கும் காட்சியைக் கம்ப்யூட்டர் திரையில் வரைவது பற்றி 1975-ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1980-ஐ ஒட்டி அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டாக்கினார். 1982-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி அதன் ஒரு வடிவத்தைத் தன் பெயரில் வெளியிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் பொருட்காட்சியில் இருந்த லிங்கின் பெட்டி இப்போது வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

பரீட்சைக்கு உதவும் யந்திரங்களும் கூடவே வளர்ந்தன. அமெரிக்காவில் அரசாங்கமே நெடுங்காலம் விமானிப் பரீட்சையின் கேள்விகளை வெளியிட்டு வந்தது. கம்பெனிகள் அவற்றுக்கு விடையும் விளக்கமும் சேர்த்து முதலில் புத்தகமாகவும், பிறகு கம்ப்யூட்டர் தட்டுகளிலும், பிறகு டெலிபோனிலும் விற்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோனார் நோட்ஸ் எப்படியோ அப்படி. ஐரோப்பாவில் அதிகாரிகள் கேள்விகளைப் பூட்டி வைத்தார்கள். என்ன பயன்? பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவர்கள் ஞாபகத்தில் இருந்த கேள்விகளைச் சொல்ல, கேட்டவர்கள் சேர்த்து வைக்க, அங்கேயும் கேள்வி வங்கிகள் நிரம்பி வழிந்தன.

இதனால் ஒரு புது வித்தை பிறந்தது. கேள்வியை முழுவதும் படிக்க வேண்டியதே இல்லை. முதல் நாலு வார்த்தையைப் பார்த்ததும் இதற்கு விடை மூன்றாவது என்று கை போய்விடும். எண்ணூறு தடவை பார்த்த முகம் மாதிரி கேள்வி அடையாளம் தெரிகிறது. உள்ளே இருக்கும் ஆள் யாரென்று தெரிவதில்லை.

என் தமக்கையின் பெண் விமானிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு நாள் அவள் கையிலிருந்த கேள்வி ஒன்றை நான் பார்த்தேன். காற்றழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு விமானம் போகிறது. விமானி உயரமானியை மாற்றி வைக்கவில்லை. விமானம் கருவி காட்டும் உயரத்துக்கு மேலே இருக்குமா, கீழே இருக்குமா என்பது கேள்வி. ‘கீழே’ என்று கண் இமைக்கும் நேரத்தில் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

“ஏன் கீழே?” என்று கேட்டேன்.

“மாமா, ஆல்டிமீட்டருக்கு உயரம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் காத்தோட அழுத்தம்தான்” என்று சொல்லி ஒரு காகிதத்தை எடுத்தாள். “மேலே போகப் போக அழுத்தம் குறையும். அதனாலே அழுத்தம் குறைஞ்சா, மேலே போயிட்டோம்னு அது நினைச்சுக்கும். நாம நிஜமா மேலே போகலே, ஊர்தான் மாறியிருக்கு. ஒரு மில்லிபாருக்குச் சுமாரா முப்பது அடி. பத்து மில்லிபார் குறைஞ்ச ஊருக்குப் போனா, முந்நூறு அடி கீழே இருப்போம். எதிரே ஒரு குன்று இருந்தா...” என்று குன்றையும் வரைந்து காட்டினாள்.

“இதெல்லாம் இந்த டெலிபோனே சொல்லிக் கொடுத்ததா?”

“மொதல்ல ‘மேலே’ன்னுதான் போட்டேன் மாமா. சிவப்பு எரிஞ்சுது. ஏன் எரிஞ்சுதுன்னு தெரியற வரைக்கும் அடுத்த கேள்விக்குப் போகலே.”

கேள்வி வங்கியைப் பழிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே யந்திரத்தைக் கொண்டு ஒருவர் விடையின் இடத்தை மனப்பாடம் செய்யலாம். இன்னொருவர் குன்றை வரையலாம். கிரௌடர் எழுதி வைத்த விளக்கப் பக்கம் யந்திரத்தில் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டாலும், அங்கே நிற்கத் தெரிந்த மாணவருக்கு அது கிடைத்துவிடுகிறது.

மனப்பாடம் முழுக்கக் கெட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். யந்திரம் தீப்பிடித்தால் முதலில் எதை நிறுத்த வேண்டும் என்பதை விமானி மனப்பாடமாகத்தான் வைத்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் புத்தகம் புரட்ட முடியாது. வாய்ப்பாடு தெரியாதவன் கணக்கைப் புரிந்துகொண்டு என்ன செய்வான்? ஆனால் வாய்ப்பாடு மட்டும் தெரிந்தவன் நிலைமை வேறு.

எல்லாக் கேள்வி வங்கியிலும் தவறாமல் காணப்படும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு வரம்பை மீறினால், இறக்கையின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று பிய்ந்து கலைந்துவிடும். தாங்கும் சக்தி சரிந்துவிடும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். யந்திரம் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகும் என்பது கேள்வி. எந்த வேகத்திலும் ஆகலாம், கோணந்தான் முக்கியம் என்பது விடை. மீள வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைக்க வேண்டும். விழுகிறோம் என்று உடம்பு அலறும்போது மேலும் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். ஆக்கரின் நாற்காலிப் பாடம்தான் மறுபடியும் வருகிறது.

2009-ஆம் வருஷம் இந்த விடை இரண்டு தடவை பரீட்சைக்கு வந்தது. பிப்ரவரி 12-ந் தேதி இரவு, அமெரிக்காவில் பபலோ நகரை நெருங்கிய கோல்கன் விமானம் வேகம் குறைந்தது. ஓட்டும் கோல் தானாகவே அதிர்ந்து எச்சரித்தது. தலைமை விமானி கோலைத் தள்ளாமல் இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். ஜூன் 1-ந் தேதி, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் இருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்ததால், தானியங்கி ஏற்பாடு விலகிக்கொண்டது. அளவுமானிகள் சிறிது நேரத்தில் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குள் மூக்கு உயர்த்தப்பட்டது. விமானம் 35,000 அடியிலிருந்து ஏறக்குறைய 38,000 அடிக்கு ஏறி ஸ்டால் ஆயிற்று. ‘ஸ்டால், ஸ்டால்’ என்று யந்திரக் குரல் கூவியது. நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 228 பேரும் மாண்டார்கள்.

இந்த விமானிகள் படிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பரீட்சை எழுதித் தேறியவர்கள். காகிதத்தில் கேட்டிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பார்கள். கேள்வி காகிதத்தில் வரவில்லை. நள்ளிரவில், அரைகுறையாக, நாலு விடைகளைக் கூட அழைத்துக்கொள்ளாமல் வந்தது. பிரெஞ்சு விசாரணையாளர்கள் 2012-ல் கொடுத்த அறிக்கையில், தாங்கள் ஸ்டாலில் இருக்கிறோம் என்பதையே விமானிகள் உணரவில்லை என்றும், அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி போதவில்லை என்றும் எழுதினார்கள்.

அதன் பிறகு பரீட்சையும் பயிற்சியும் மாறத் தொடங்கின. அமெரிக்காவில் 2013-ல் போட்ட சட்டம், பெரிய விமானங்களின் விமானிகள் முழு ஸ்டாலையே பயிற்சி யந்திரத்தில் அனுபவித்து மீண்டுவர வேண்டும் என்றது. 2019 மார்ச்சுக்குள் அது நடைமுறைக்கு வந்தது. 2016-லிருந்து அங்கே எழுத்துப் பரீட்சைப் பாடங்களையும் விமானத்தில் செய்துகாட்ட வேண்டிய காரியங்களையும் ஒரே பட்டியலில் இணைத்துவிட்டார்கள். பரீட்சைக் கேள்விகளை முழுவதுமாக வெளியிடும் வழக்கத்தையும் கைவிட்டார்கள். ஐரோப்பாவில் 2018-ல் வந்த விதிகள், மாணவன் பாடங்களைச் சேர்த்து யோசிக்கிறானா என்று பள்ளியே நேரில் சோதித்து அறிந்தபின்தான் பரீட்சைப் படிப்பு முழுமையாகும் என்று ஏற்பாடு செய்தன. ஒவ்வொன்றும் ஒரே திசையைக் காட்டுகிறது. விடை மட்டும் போதாது என்று அரசாங்கங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரெஸ்ஸியின் மிட்டாயும் லிங்கின் நண்டும் இன்றைய டெலிபோனுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பது கற்கிறவர் கையிலும், பக்கத்தில் இருக்கிறவர்கள் கையிலும் இருக்கிறது.

வீட்டில் விமானிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வாசகர்கள் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். விமான சாஸ்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. இன்றைக்கு எத்தனை மார்க்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு எந்தக் கேள்விக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது, அது ஏன் எரிந்தது என்று கேளுங்கள். காப்பி ஆறினாலும் பரவாயில்லை, பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவர்களால் சொல்ல முடிந்துவிட்டால், அந்தப் பாடம் அவர்களோடு ஆகாயம் வரையில் வரும். பின்னால் இருநூறு பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.